ஃபியூஸ் தின்னும் வண்டி

அத்தியாயம் 4

"எலி நிரபராதி" என்றார் சாந்திமதி மேடம்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஷெட்டில், நிலக்கடலை மூட்டை ஏற்றி நின்ற பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் கிரீஸ், கிரீஸுக்கு அடியில் கோபம்.

"இன்னாம்மா சொல்றீங்க? ஃபியூஸ் போட்டா போயிடுது, போட்டா போயிடுது. எங்கியோ ஒயரை எலி கடிச்சிருக்கு. மருந்து வெச்சா எல்லாம் சரியாப் பூடும்."

"பின்னாடி வண்டி நிறைய மல்லாட்டை மூட்டை. அதை விட்டுட்டு பிளாஸ்டிக் ஒயரைத் தின்ற எலி எந்த ஊர்ல இருக்குதுங்க? எலி மேல பழி போடாதீங்க, பாவம்."

நான் சிரித்துவிட்டேன். மெக்கானிக் என்னை முறைத்தார். முறைக்கட்டும். என் பெயர் மணிமாறன். திருவெண்ணெய்நல்லூர் போகும் தனியார் பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் எடுக்காத ஒரு பெரிய மனுஷனைப் பாதி வழியில் இறக்கிவிட்டேன். அவர் முதலாளியின் மச்சான் என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் என்னையும் இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்து சேர்ந்த இடம்தான் சாந்திமதி மேடத்தின் துப்பறியும் ஆபீஸ்.

மேடம் செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கிட்டே வராது. எறும்பு, கொசு, கரப்பான் எல்லாவற்றுக்கும் இவர்தான் வக்கீல். மனுஷனுக்கு மட்டும் அவ்வளவு சுலபத்தில் ஜாமீன் கிடைக்காது.

வண்டிக்காரி இளவரசி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். குள்ளமான உருவம், புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, இடுப்பில் சாவி. புருஷன் சீனுவாசன் மஞ்சள் காமாலையில் போனபிறகு, அவன் ஓட்டிய வண்டியை இவளே ஓட்டுகிறாள். ஊரிலிருந்து மல்லாட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போய் இறக்கிவிட்டு வருவாள். ரெண்டு பிள்ளைகளுக்குச் சோறு அதில்தான்.

கொஞ்ச காலமாக வண்டி நடுரோட்டில் செத்துப் போகிறது. இஞ்சின், ஹாரன், ரூம் லைட் எல்லாம் ஒரே நேரத்தில் அவுட். ஒரே ஒரு ஃபியூஸ்தான் எரிந்திருக்கும். புதுசு போட்டால் ஓடும். அப்புறம் மறுபடி ஒரு நாள் நிற்கும். எரிந்துபோன ஃபியூஸ்களை எல்லாம் ஒரு ஊறுகாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

"ஃபியூஸ் போனா மாத்திக்கலாம் மேடம். அது பேஜாரு இல்ல" என்றாள் இளவரசி. "ஜனங்க பேசுறாங்களே, அதான் தாங்க முடியல."

"என்ன பேசுறாங்க?"

அவள் வண்டிக்குள்ளே கை காட்டினாள். முன்கண்ணாடிக்கு மேலே, நட்ட நடுவில் சீனுவாசன் படம். மாலை போட்டிருந்தது. படத்துக்கு அடியில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. செத்தவர்கள் படத்துக்கு எல்லா வீட்டிலும் போடுகிற அதே பல்பு.

"வண்டி நிக்கிறப்போ அந்த பல்பும் அணைஞ்சிடுது. உடனே ஆரம்பிச்சுட்டாங்க. பொண்டாட்டி ஸ்டியரிங் புடிக்கிறது சீனுவுக்குப் புடிக்கல, கோவிச்சுக்கினு விளக்கை அணைச்சிட்டுப் போறான்னு. அவரு ஏன் கோவிச்சுக்கணும்? எனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்ததே அவருதான்!" அவள் குரல் உயர்ந்தது. "என் கொழுந்தன் கோகுலு குடும்பத்தையே கூட்டிப் பேசிட்டான். வண்டி இன்னொரு தடவை நின்னா சாவி அவன் கையில. நானும் சரின்னுட்டேன்."

"ஏம்மா சரின்னே?" என்றேன் நான்.

"பயந்துட்டேன்னு சொல்லுவாங்கண்ணா. அதைக் கேட்டுக்கினு உயிரோட இருக்கச் சொல்றியா?"

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

மேடம் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "என்னென்ன கழட்டிப் பாத்தீங்க?"

"ரேடியோ, ஃபேனு, பின்னாடி லைட்டு, ஹாரன் ஒண்ணு விடல. ஷெட்டுல வெச்சு ராத்திரி பகலா ஆன் பண்ணிப் பாத்தேன். இங்க போகவே மாட்டேங்குது."

"அந்தப் படம்?"

மெக்கானிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "செத்தவங்க படம்மா. நான் வண்டிக்குள்ள ஏறும்போதே செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறுறேன். அதுல எல்லாம் கை வெக்க மாட்டேன்."

மேடம் அந்த பல்பைப் பார்த்தார். பிறகு இளவரசியின் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார். மறுபடி பல்பைப் பார்த்தார். இப்படி இவர் மாறி மாறிப் பார்க்கும்போதுதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

"இளவரசி, வண்டி போறப்போ நிக்குதா, வர்றப்போ நிக்குதா?"

அவள் யோசித்தாள். "போறப்போதான். காலையில லோடோட போறப்போ. விக்கிரவாண்டி தாண்டி எங்கியாச்சும் நின்னுடும். மத்தியானம் திரும்பி வர்றப்போ நின்னதே இல்ல."

"லோடு வெயிட்டுல எங்கியோ ஒயர் அழுந்துது" என்றேன் நான் அறிவாளி மாதிரி.

"நடுவுல கோடை மழை பேஞ்சுதே. அந்த நாள்ல எல்லாம் போனீங்களா?"

"போனேனே. ஃபுல் லோடு. நனைஞ்சுக்கினே போனேன். அன்னைக்கெல்லாம் ஒண்ணும் ஆகல மேடம்."

மெக்கானிக் சிரித்தார். "மழையிலதாம்மா ஷார்ட் ஆகும். வெயில்ல எப்படி ஆகும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் மேடம்.

அந்த நேரத்தில் ஷெட் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி, மடித்துக்கட்டிய வேட்டி, நல்ல உயரம். யாரும் அறிமுகம் செய்யவே வேண்டாம், கொழுந்தன் கோகுலகிருஷ்ணன். மைக்செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவன். எந்தக் கல்யாணத்துக்கு லைட் கட்டிவிட்டு வந்தானோ, பைக்கில் ஒயர் சுருள் தொங்கியது.

"அண்ணி, போலீஸ் எல்லாம் இட்டாந்துட்டீங்க போல" என்றான்.

"போலீஸ் இல்ல. எங்களுக்கு லத்தி கொடுக்கல, வாய்தான் கொடுத்திருக்காங்க" என்றேன்.

அவன் என்னைச் சட்டை செய்யவில்லை. "அன்னைக்கு ஒரு மத்தியானம் நானே திண்டிவனம் வரைக்கும் ஓட்டிக்கினு போய் வந்தேனே. நின்னுச்சா? நான் தொட்டா நிக்காது. நீங்க தொட்டாதான் நிக்குது. இன்னும் இன்னா சாட்சி வேணும்? எங்க அண்ணன் மனசு புரியுதா இல்லியா உங்களுக்கு?"

"உங்க அண்ணன் மனசு எனக்குத் தெரியும்டா!" இளவரசி கத்தினாள். "நீ மொதல்ல வண்டிக்குக் குறுக்க நிக்காம போ!"

"போறேன். பின்னாடியே வர்றேன். எங்க நிக்குதோ அங்க சாவியை வாங்கிக்கிறேன்."

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில், நான் ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்கு ஒரே கொண்டாட்டம். கம்பெனி ஒயர்களுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு மெல்லிய சிவப்பு ஒயர். எந்த ஃபியூஸ் அடிக்கடி எரிகிறதோ அதே இடத்தில் செருகி, மேலே மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. ஒயர் கதவுப் பக்கத் தூணுக்குள் நுழைந்து மறைந்துபோனது. வெளியே எட்டிப் பார்த்தேன். கோகுலின் பைக் கைப்பிடியில் அதே மஞ்சள் டேப்.

மேடம் காதில் போய்ச் சொன்னேன். "ஆள் மாட்டிக்கிட்டான் மேடம். சதி! வண்டியைக் கைக்கு வாங்க இவனே ஒயரைச் செருகி வெச்சிருக்கான்."

"டேப் அவர்தான் சுத்தியிருக்கார். அது சரி" என்றார் மேடம். "வாயை மூடிக்கினு ஏறுங்க மாறன். திண்டிவனம் வரைக்கும் நாமளும் போறோம்."

கேட்டீர்களா? திருடனைக் கையும் டேப்புமாகப் பிடித்துக் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதை.

இளவரசி ஸ்டியரிங்கில், மேடம் நடுவில், நான் ஜன்னல் ஓரம். முதுகுக்குப் பின்னால் மல்லாட்டை மூட்டைகள். வண்டி ஹைவேயில் ஏறியது. இளவரசி ஓட்டுகிற அழகைப் பார்த்தேன். அலட்டல் இல்லை, பயம் இல்லை. ஒரு சொகுசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டி வந்தபோது, "வழி வேணும்னா கேட்டு வாங்கு, மெரட்டி வாங்காத" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவளாக மனம் வந்தபோதுதான் ஒதுங்கினாள். எனக்குக் கை தட்டத் தோன்றியது.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியது. பக்கக் கண்ணாடியில் கோகுலின் பைக் தெரிந்தது. எதிரே வலது பக்கமாகக் காலை வெயில், நேரே மூஞ்சியில் அறைந்தது. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு, "சாமி, சூரியன் இன்னைக்கு நம்ம மேலதான் டூட்டி போலிருக்கு" என்றேன்.

இளவரசி பழக்கத்தில் வலது கையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு மேலே மடக்கி வைத்திருந்த வெயில் தட்டியைக் கீழே இழுத்தாள். குள்ளமான ஆள், பாதி இறக்கினால் அவளுக்கு மறைக்காது. கடைசி வரைக்கும் இறக்கினாள்.

மேடம் கண்ணைக்கூட இமைக்காமல் அந்தத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டேரிப்பட்டு வருவதற்கு முன்னால் ரோடு ஒட்டுப்போட்ட ஒரு மேடு. வண்டி ஏறி இறங்கியது. சிவப்பு பல்பு அணைந்தது. அடுத்த நொடி இஞ்சின் செத்தது.

"ஐயோ!" என்றாள் இளவரசி. அவ்வளவுதான், வேறு கத்தல் இல்லை. ஓடுகிற வேகத்திலேயே வண்டியை ஓரம் கட்டி, புளியமரத்து நிழலில் நிறுத்தினாள். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்குமா?" என்றாள் அவனிடம். "இன்னைக்குக் கூடவா?"

அதற்குள் பைக் வந்து நின்றுவிட்டது. கோகுல் ஜன்னல் பக்கம் வந்து கையை நீட்டினான்.

"நின்னுச்சுல்ல அண்ணி? சாவியைக் கொடுங்க."

இளவரசி இறங்கினாள். சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா ஒண்ணு கேட்டுக்க. அவரு கோவிச்சுக்கினாரு, என் கை ராசி இல்லன்னு ஒரு வார்த்தை இனிமே உன் வாயில வந்துச்சு, வண்டியை இங்கியே கொளுத்திட்டுப் போவேன். சாம்பலை நீ ஓட்டு!"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து இறங்கினேன். "டேய் மைக்செட்டு! நீ ஒயரைச் செருகி வெச்சுட்டு அண்ணன் பேர்ல பழியப் போடுறியா? ஃபியூஸ் பெட்டிக்குள்ள உன் மஞ்சள் டேப்பு பல்லைக் காட்டுது! இல்லன்னு சொல்லு பாக்கலாம்!"

அவன் மறுப்பான், ஓடுவான், நான் துரத்துவேன் என்று எல்லாம் தயாராக இருந்தேன்.

"ஏன் இல்லன்னு சொல்லணும்?" என்றான் கோகுல். "நான்தான் போட்டேன்."

"பாத்தீங்களா மேடம்!"

"பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு என் கையால போட்டேன். என் அண்ணன் படத்துக்கு பல்பு போட்டேன். தப்பா?" அவன் படத்தைக் கை காட்டினான். "சாவி எடுத்தா அணையிற மாதிரி போடக்கூடாது, ராத்திரி பகல் எரியணும்னு, எப்பவும் கரண்டு இருக்கிற ஃபியூஸாப் பாத்துப் போட்டேன். ஒயர் வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு ஓரமா மறைச்சுக் கொண்டாந்தேன். அது சதியா?"

துரத்துவதற்குத் தூக்கிய காலை நான் கீழே வைத்தேன். இளவரசிக்கும் இது புதுசு. "நீயா போட்ட? மாமனாரு போட்டாருன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

"சதி இல்ல" என்றார் மேடம், நிதானமாக வண்டியிலிருந்து இறங்கி. "பாசம். ஆனா வண்டியை நிறுத்துனது அதுதான்."

"இன்னா சொல்றீங்க?"

"சாவி இளவரசி இடுப்புல இருந்தப்பவே ஷெட்டுல பல்பு எரிஞ்சுக்கினு இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சுது, சாவிக்குக் கட்டுப்படாத ஒரு ஒயர் இதுக்குள்ள ஓடுதுன்னு. மெக்கானிக் எல்லாத்தையும் கழட்டினார். செத்தவர் படத்தை மட்டும் தொடல. நம்ம ஊர்ல யாருமே தொட மாட்டாங்க. ஆனா எந்த இடத்துல அந்த ஒயர் அடிபடுதுன்னு தெரியணும். காலையில போறப்போ நிக்குது. மழை நாள்ல நிக்கல. உங்க கையில மத்தியானம் நிக்கல. மழையில இல்லாதது, மத்தியானத்துல இல்லாதது, காலையில மட்டும் இருக்கிறது என்ன?"

"வெயிலு" என்றேன் நான். இழந்த மானத்தில் கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாமே.

"மூஞ்சியில அடிக்கிற வெயில். இளவரசி, புது ஃபியூஸ் போடுங்க."

போட்டாள். சிவப்பு பல்பு எரிந்தது. மேடம் வெளியில் நின்றபடி வெயில் தட்டியை மேலே தூக்கினார். எரிந்தது. பாதி இறக்கினார். எரிந்தது. கடைசி வரைக்கும் இறக்கி, தட்டியைக் கையால் லேசாக ஆட்டினார்.

டப்.

பல்பு அணைந்தது.

மேடம் தட்டியைத் தூக்கி, அதைத் தாங்குகிற இரும்புக் கம்பிக்குப் பின்னால் விரலை விட்டு ஒயரை இழுத்துக் காட்டினார். மேலே சிவப்புத் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது.

"தட்டியை முழுசா இறக்கினா கம்பி திரும்பி இதைக் கூரை இரும்போட சேத்து நசுக்குது. மேடு பள்ளம் ஏறினா செம்பு இரும்புல படுது, ஃபியூஸ் போயிடுது. உங்களுக்கு ஏன் நிக்கலன்னா, நீங்க ஓட்டினது மத்தியானம். அதோட," மேடம் கோகுலின் மூக்கைக் காட்டினார், "நீங்க கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கீங்க. தட்டியை இறக்குற வேலையே உங்களுக்கு இல்ல."

"தெரிஞ்சும் ஷெட்டுலயே சொல்லலியே மேடம்!" இளவரசி கோபமாகவே கேட்டாள். "உசிரே போயிடுச்சு எனக்கு."

"கண்ணால பாக்காம நான் யார் மேலயும் பழி போட மாட்டேன். எலி மேலயும் சரி, உங்க கொழுந்தன் மேலயும் சரி. மன்னிச்சுக்குங்க."

கோகுல் அந்தத் தேய்ந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ எங்க அண்ணன்..."

"உங்க அண்ணன் யார் மேலயும் கோவிச்சுக்கல."

இளவரசி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா, வியர்வையா என்று எனக்குத் தெரியவில்லை. துடைத்து முடித்ததும் பழைய இளவரசிதான் நின்றாள்.

"கோகுலு, கொறடு வெச்சிருக்கியா?"

"இருக்கு அண்ணி."

"இந்த ஒயரைக் கழட்டு. கம்பிப் பக்கம் போகாம வேற வழியாக் கொண்டா. அப்புறம் எப்பவும் கரண்டு இருக்கிற ஃபியூஸ் வேணாம். சாவி போட்டா வர்ற கரண்டுல மாட்டு."

அவன் பதறிப்போனான். "சாவி எடுத்தா அணைஞ்சிடுமே! காரியத்தன்னைக்கு ஏத்துன விளக்கு அண்ணி. அணையக்கூடாது. நான் மாட்டேன்."

"அது என் புருஷன் விளக்கு. எப்ப எரியணும்னு நான் சொல்றேன்."

"ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"பேசட்டும்! இதுவரைக்கும் பேசாமலா இருந்தாங்க? அணைஞ்சதுக்கும் பேசுனாங்க, நான் ஸ்டியரிங் புடிச்சதுக்கும் பேசுனாங்க. அவங்க வாயை மூட என்கிட்ட ஃபியூஸ் இல்ல. கழட்டுடா!"

ரோட்டில் போன லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். கோகுல் அண்ணன் படத்தைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். பைக்கிலிருந்து கொறடும் டேப்பும் எடுத்து வந்தான். செருப்பைக் கழட்டிவிட்டு வண்டிக்குள் ஏறினான். கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் ஓடியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்கும் அந்த அளவுக்கு மரியாதை தெரியும்.

வேலை முடிந்தது, புது ஃபியூஸும் போட்டாயிற்று. பல்பு இருட்டாக இருந்தது. கோகுல் இறங்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

இளவரசி ஏறி உட்கார்ந்தாள். சாவியை அவன் மூஞ்சிக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "கேட்டியே, பாத்துக்க."

சாவியைப் போட்டுத் திருப்பினாள். சீனுவாசனுக்குக் கீழே சிவப்பாக வெளிச்சம் வந்தது. இஞ்சின் உறுமியது. வெயில் தட்டியை ஒரே இழுப்பில் கடைசி வரைக்கும் இறக்கினாள். நாங்கள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நான் கடைசி நிமிஷத்தில் புட்போர்டில் தொற்றி ஏறினேன். பழைய உத்தியோகம் அன்றைக்குக் கை கொடுத்தது.

கூட்டேரிப்பட்டு போனது, மேடு போனது, பள்ளம் போனது. திண்டிவனம் கமிட்டி வாசலுக்குள் நுழைகிற வரை அந்த பல்பு கண் சிமிட்டக்கூட இல்லை.

கமிட்டியில் ஆள் கூட்டம். இவள் வண்டி இன்றைக்கு நிற்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் எல்லாம் அங்கேயே இருந்தார்கள். இளவரசி அவர்களுக்கு நடுவிலேயே வண்டியை ரிவர்ஸ் எடுத்து மேடையோடு சேர்த்து நிறுத்தினாள். சாவியைத் திருப்பி எடுத்தாள். பல்பு அணைந்தது.

"ஐயோ, சீனு விளக்கு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பின்னாலேயே வந்து நின்ற கோகுலும் துடித்துப்போய்ப் படத்தைப் பார்த்தான். இளவரசி சீட்டில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான்தான் அணைச்சேன். நான் ஓட்டுறப்போ அவரு முழிச்சிக்கினு இருப்பாரு. வந்து சேந்துட்டோம். கொஞ்ச நேரம் தூங்கட்டும்."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே குதித்தாள்.

"கண்ணாடியைக் கழட்டிட்டு வா கோகுலு. மூட்டை எறக்கணும்."